கிட்டார் கம்பி: விற்பவர் அறிய வேண்டியவை

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் தோல் வாங்குபவர் முதலில் கனம் பார்ப்பார். மில்லிமீட்டர் கணக்குத் தவறினால் சரக்கு திரும்பிவிடும். எலக்ட்ரிக் கிட்டார் கம்பிக்கும் அதே விதிதான். தேவாலயப் பாடகர் குழுவினருக்கும் கல்லூரி மாணவருக்கும் இதை விற்கும் நம் வியாபாரிகள் சில விவரங்களை அறிந்திருப்பது நலம்.

உறையில் '10–46' என்றிருந்தால், ஆறு கம்பிகளில் மெல்லியது அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்கு, அதாவது சுமார் 0.25 மி.மீ.; தடித்தது 46 பங்கு. டடாரியோ இ.எக்ஸ்.எல். 110, எர்னி பால் ரெகுலர் ஸ்லிங்கி இரண்டும் இதே கனம். இரண்டிலும் சுற்று, நிக்கல் பூசிய எஃகு. ஓசையில் வேறுபாடு சிறிதே. ஆகவே இரண்டையும் குவித்து முதலை முடக்க வேண்டாம். சுத்த நிக்கல் சுற்று சற்று மென்மையாக ஒலிக்கும். எலிக்ஸர் கம்பிக்கு மேற்பூச்சு உண்டு. விலை கூடுதல், ஆனால் வியர்வையைத் தாங்கி நெடுநாள் உழைக்கும்.

விலையை மாதக் கணக்கில் பார்ப்போம். உதாரணமாக, 600 ரூபாய்க் கம்பி 2 மாதம் உழைத்தால் மாதச் செலவு 300 ரூபாய். 1,200 ரூபாய்க் கம்பி 5 மாதம் உழைத்தால் 240 ரூபாய். தினமும் வாசிப்பவருக்குப் பின்னது லாபம். கம்பியை அடிக்கடி அறுப்பவருக்கு முன்னதே போதும்.

வெண்கலச் சுற்றுக் கம்பி அக்கூஸ்டிக் கிட்டாருக்கு உரியது. எலக்ட்ரிக் கிட்டாரிலுள்ள காந்தம் வெண்கலத்தை உணராது. தடித்த கம்பிகளின் ஓசை அமுங்கிவிடும். எனவே, பில் போடுமுன் "எந்தக் கிட்டாருக்கு?" என்று கேட்போம். தவறான கம்பியை வாங்கிச் சென்றவர் அடுத்த முறை சென்னைக்கு பஸ் ஏறிவிடுவார்.