அப்பெண்டிக்ஸ் எடுத்தாச்சா? பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே?

"அதான் வெட்டிப் போட்டாச்சுல்லா, இன்னும் அதுல பாக்க என்ன மாப்ளே இருக்கு?" என்றார் அத்தான். தாராவி 90 அடி ரோட்டுக்காரர். தையல் பிரிக்கப் போனபோது நான் விடாமல் கேட்டதால்தான் அந்த நர்ஸிங் ஹோமில் டிராயரைத் துழாவி பயாப்ஸி ரிப்போர்ட்டைக் கொடுத்தார்கள். 'லோ கிரேடு மியூசினஸ் நியோப்ளாசம்' என்றிருந்தது.

அறுத்தெடுக்கும் குடல்வால்களில் சுமார் நூற்றில் ஒன்றில்தான் கட்டி இருக்கும். சோனோகிராபியில் பெரும்பாலும் வெறும் வீக்கமாகத்தான் தெரியும், மைக்ராஸ்கோப்தான் காட்டிக்கொடுக்கும். எல்லாக் கட்டியும் ஒன்றல்ல. நியூரோஎண்டோக்ரைன் வகை 1 செ.மீ.க்குள் இருந்து முழுதாக வந்துவிட்டால் பொதுவாக அதோடு சரி. 2 செ.மீ. தாண்டினால் வலப்பக்கப் பெருங்குடலையும் எடுக்கச் சொல்வார்கள். அத்தானுக்கு வந்த சளிக்கட்டியில் முதல் கேள்வி, வெடித்ததா இல்லையா என்பது. வெடித்தால் வயிற்றுக்குள் ஜெல்லிபோலப் பரவும். அப்போது கட்டிகளை அகற்றி, 41-42 டிகிரி சூட்டில் கீமோ மருந்தை வயிற்றுக்குள்ளேயே ஓடவிடும் 'ஹைப்பெக்' சிகிச்சை தேவைப்படலாம். பரேல் டாடா மெமோரியலில் அது உண்டு.

டாடாவுக்குப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் போதாது. ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்பார்கள். அங்குள்ள பெத்தாலஜிஸ்ட் தானே பார்த்துச் சொல்வார். பிளாக் என்பது சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் பதித்த மெழுகு, நடுவே பழுப்பாய் ஒரு துளி சதை. வெயில் படாமல் வையுங்கள். ஸ்லைடு கண்ணாடி, சயானில் ஏறினால் பரேல் மூணாவது ஸ்டேஷன்தான், ஆனாலும் காலை நெரிசலில் நொறுங்கிவிடும். கெட்டியான டப்பாவில் போட்டுக் கொண்டுபோங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: இனிஷியல். ஆதாரில் ஒரு மாதிரி, ரிப்போர்ட்டில் அப்பா பெயரை சர்நேமாக்கி இன்னொரு மாதிரி. ஸ்லைடு வாங்கும்போதே திருத்தச் சொல்லுங்கள். கவுண்டரில் நின்றுகொண்டு யாரும் இதற்காகச் சண்டை போட முடியாது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: கட்டியின் அளவு, கிரேடு, வெட்டிய ஓரம் சுத்தமா, வெளியே சளி கசிந்திருந்ததா. அத்தானுக்கு வெடிக்கவில்லை, ஓரமும் சுத்தம். சி.டி. ஸ்கேன், சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனை என்று கண்காணிப்பு மட்டும்தான்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சமீபத்தில் குடல்வால் எடுத்திருந்தால், ஃபைலைத் திறந்து பாருங்கள். பயாப்ஸி ரிப்போர்ட் இல்லையென்றால் நாளைக்கே போய்க் கேட்டு வாங்குங்கள்.