மாட்டுக்கு வயிறு ஊதினால்

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு மிஞ்சியது ஒரு பசுவாக இருக்கலாம். பசித்த மாடு ஈரமான இளம் பயற்றங்கொடியையோ நெல்லையோ மிதமிஞ்சித் தின்றால் இரைப்பையில் வாயு அடைபடும். இடது விலாவுக்குப் பின்னுள்ள பள்ளம் மேளம்போல் ஊதும், மூச்சு முட்டும். சில மணி நேரத்தில் மாடு இறந்தும் போகலாம்.

உடனே தீனியை நிறுத்தி, மிருக வைத்தியருக்கு ஆளனுப்புங்கள். முன்கால்கள் மேட்டில் இருக்க மாட்டை நிறுத்துங்கள். வாய்க்குக் குறுக்கே தடி கட்டினால் அதை மெல்லும். வாயு வெளியேற வழி உண்டாகும். நிற்கும் மாட்டுக்குக் கால் லீற்றர் தேங்காய் எண்ணெயைச் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். விழுந்து கிடந்தால் பருக்காதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும்.

எண்ணெய்ப் போத்தலையும் கயிற்றையும் இன்றே எடுத்து வையுங்கள். வைத்தியர் இருக்கும் இடத்தையும் விசாரித்து வையுங்கள். மேயவிடுமுன் வைக்கோல் கொடுங்கள். ஆபத்து வந்தபின் தேடினால் நேரம் போதாது.