சுதையோவியமும் கற்பதிப்போவியமும்

கட்டடத்தோடு ஒன்றி நிற்கும் சித்திரங்களுள் தலைசிறந்தன இரண்டு. ஈரச் சுண்ணச் சாந்தின்மீது வண்ணந் தீட்டுவது ஒன்று. அதனை மேனாட்டார் பிரெஸ்கோ என்பர். கல்லையும் கண்ணாடியையும் சிறு துண்டுகளாக்கிச் சாந்திற் பதித்து உருவமைப்பது மற்றொன்று. அது மொசைக் எனப்படும். உரோமரும் அவர் வழிவந்த பைசாந்தியரும் இக்கலைகளைக் கையாண்ட முறையையும், அவர்தம் ஆக்கங்கள் அழிந்ததும் நிலைத்ததும் எதனால் என்பதையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

சுண்ணச் சாந்து இறுகுங்கால் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லின் தன்மை அடைகின்றது. நீரிற் குழைத்த வண்ணமும் அதனுள் அகப்பட்டுச் சுவரோடு ஒன்றாகின்றது. ஆதலின் ஓவியன் சாந்து உலருமுன் விரைந்து தீட்டல் வேண்டும். உலர்ந்த பின் தீட்டியது அத்துணை உறுதியாக நில்லாது. மணற் சாந்து மூன்று படையும், சலவைக் கற்பொடி சேர்ந்த சாந்து மூன்று படையும் பூசுதல் வேண்டுமென விட்ருவியஸ் என்னும் உரோமச் சிற்பநூலார் விதித்துள்ளார். கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலையின் சாம்பலிற் புதையுண்ட பொம்பேயி நகரத்து இல்லங்களிற் செந்நிறச் சுவரோவியங்கள் பல இன்றும் பொலிவோடு விளங்குகின்றன.

கற்பதிப்பை உரோமர் பெரும்பாலும் தரைக்கே ஆக்கினர். மிதிபடுதற்கும் கழுவப்படுதற்கும் கல்லே ஏற்றதன்றோ? அந்நகரத்து இல்லம் ஒன்றில் 1831-இல் வெளிப்பட்ட தளத்தில், அலெக்சாந்தர் பாரசீக வேந்தன் தாரியுவோடு பொருத போர் காட்டப்பட்டுள்ளது. ஐந்து மீட்டருக்கு மேல் நீண்ட அச்சித்திரத்திற் பத்து இலக்கத்தினும் மிகுதியான கற்றுண்டுகள் உள என மதிப்பிடுவர். வெண்மை, மஞ்சள், செம்மை, கருமை சார்ந்த நிறங்களைக் கொண்டே, குத்துண்டு வீழும் தன் வீரனை நோக்கிக் கை நீட்டும் வேந்தனது துயரை அக்கலைஞர் புலப்படுத்தினர். அஃது இப்பொழுது நேப்பிள்ஸ் நகரத்து அரும்பொருட் சாலையில் உள்ளது.

பைசாந்தியரோ காலடியிற் கிடந்த இக்கலையை ஆலயச் சுவர்க்கும் விதானத்திற்கும் உயர்த்தினர். பொன்னிதழை இரு கண்ணாடிப் படைகளின் இடையே வைத்துத் துண்டாக்கி, சிறிது சாய்வாகப் பதித்தனர். அதனால் விளக்கு அசையுந்தோறும், காண்போர் நடக்குந்தோறும் சுவரெங்கும் ஒளி பெயர்ந்து மின்னும். இத்தாலியிலுள்ள ரவென்னா நகரில் 547-இல் பிரதிட்டை பெற்ற சான் விட்டாலே ஆலயத்தில், ஜஸ்டினியன் சக்கரவர்த்தி பரிவாரத்தோடு பொன்வெளியில் நிற்கின்றார். அந்நகருக்கு அவர் ஒருநாளும் வந்திலர். சித்திரமே அவரது ஆணைக்கு அங்கே சான்றாய் நின்றது.

சித்திரத்திற்கு அத்துணை ஆற்றல் உண்மையின், பகையும் உண்டாயிற்று. அந்நகரிலேயே கோத்தியர் வேந்தன் தியோதொரிக் கட்டிய ஆலயம் ஒன்று உண்டு. அவன் ஆரியு என்பாரின் கொள்கையைச் சார்ந்தவன். பின்னர் அவ்வாலயம் பைசாந்தியர் வசமானபொழுது, அரண்மனைச் சித்திரத்தில் நின்ற உருவங்களைப் பெயர்த்தெடுத்துத் திரைகளைப் பதித்தனர். ஆயினும் தூண்களின்மேற் படிந்திருந்த சில கைகள் எஞ்சிவிட்டன. உடலின்றி நிற்கும் அக்கைகளை இன்றும் காணலாம்.

கான்ஸ்டாண்டிநோப்பிளிலும் எட்டாம் நூற்றாண்டில் உருவங்களைப் பற்றிய பெரும் பூசல் எழுந்து, 843-இலேயே முடிவுற்றது. அதற்குள் அழிந்தன பல. 867-இல் ஹாகியா சோபியா ஆலயத்தில் தேவமாதாவின் உருவம் மீண்டும் பொலிவுற்றது. 1453-இல் துருக்கியர் அந்நகரைக் கைப்பற்ற, அவ்வாலயம் மசூதியாயிற்று. உருவங்கள் காலப்போக்கிற் சுண்ணப் பூச்சால் மறைந்தன. 1931 முதல் அப்பூச்சை அகற்றியபொழுது, அடியில் பல உருவங்கள் உயிரோடிருந்தன. இடையில் அரும்பொருட் சாலையாயிருந்த அக்கட்டடம், 2020-இல் மீண்டும் மசூதியாயிற்று.

ஈண்டு ஒப்பிட்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ரவென்னாவிற் பெயர்த்தெடுத்தவரும், கான்ஸ்டாண்டிநோப்பிளிற் சுண்ணம் பூசியவரும் சித்திரத்தை ஏலாதவரே. ஆயினும் பெயர்த்த இடத்திற் கைகளே எஞ்சின. பூசிய இடத்திற் சித்திரம் மீண்டது. முன்னோர் ஆக்கியவற்றுள் நமக்கு உடன்பாடில்லாதனவும் உளவாகலாம். அவற்றை அழியாது விடுவோமாயின், பின்வருவோர் தம் கண்ணாற் கண்டு தாமே தீர்மானிக்க இடமுண்டாகும்.