சால்சா ஆடுபவரின் காது

அன்புள்ள தங்கைக்கு,

சால்சா இருவர் சேர்ந்து ஆடும் ஆட்டம். கியூபாவின் கிழக்குப் பகுதியில் பிறந்த 'சோன்' இசையும், ஹவானாவில் உருவான மாம்போவும் சா-சா-சாவும் நியூயார்க்கில் குடியேறிய கியூபா, போர்ட்டோ ரிக்கோ மக்களிடம் போய்ச் சேர்ந்து ஒன்றோடொன்று கலந்தன. அந்தக் கலவைக்கு 1970களில் நிலைத்த பெயர்தான் சால்சா. 1964-ல் ஜானி பச்செக்கோவும் ஜெரி மசூச்சியும் தொடங்கிய ஃபானியா இசைத்தட்டு நிறுவனம் அந்தப் பெயரை உலகெங்கும் கொண்டுபோனது. தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ இன்று சால்சா ஆடும் ஒருவருக்கு இதெல்லாம் எங்கோ நடந்த கதைபோலத் தோன்றலாம். ஆனால் அவர் வளர்ந்த ஊர் இந்தத் தாளத்தின் உறவுக்காரத் தாளங்களை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறது.

அந்தத் தாளங்கள் இங்கே வந்த முதல் வழி நடனக் கூடங்கள். பரங்கிமலையும் பல்லாவரமும் பழைய கன்டோன்மென்ட் ஊர்கள். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 1931-ல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வே, தந்தி, சுங்கம் ஆகிய இலாகாக்களில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இந்தப் பாதையை ஒட்டிய ஊர்களில் வாழ்ந்தன. அவர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் கேக் மட்டுமல்ல, பேண்டு வாசிக்க ஜோடி ஜோடியாக ஆடும் 'டான்ஸ்' இரவும்தான். வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், ஜைவ் ஆகியவற்றோடு பிற்பாடு சா-சா-சாவும் அந்தக் கூடங்களுக்குள் வந்தது. ஹவானாவில் என்ரிக்கே ஹொரின் என்ற வயலின் கலைஞர் 1950களின் தொடக்கத்தில் அமைத்த நடை அது. வீட்டுப் பிள்ளைகள் அதைக் கற்க வகுப்புக்குப் போகவில்லை. ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, அங்கிளின் ஷூவை மிதித்துக் கற்றார்கள். இந்தக் குடும்பங்களில் கணிசமானவை பின்னர் ஆஸ்திரேலியாவுக்கும் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. ஆடக் கேட்பதற்கும் மறுப்பதற்கும் உள்ள மரியாதை, ஆட்டம் முடிந்ததும் ஜோடிக்கு நன்றி சொல்லும் பழக்கம் ஆகியவை இன்றைய சால்சா வகுப்புகளிலும் கட்டாயம். சென்னைப் புறநகர் அவற்றை முதலில் பார்த்தது இந்தக் கூடங்களில்தான்.

இரண்டாவது வழி சினிமா. கூடத்துக்குள் நுழைய முடியாதவர்களுக்கும் அது திறந்திருந்தது. 'பெரிய இடத்துப் பெண்' (1963) படத்தின் நிலாப் பாட்டில் சா-சா-சா என்ற பெயரே பல்லவியில் வருகிறது. அடுத்த ஆண்டு வந்த 'புதிய பறவை'யில் பி. சுசீலா பாடிய 'பார்த்த ஞாபகம் இல்லையோ' மாம்போச் சாயல் கொண்டது. மெக்சிகோவில் 1953-ல் பிறந்து, டீன் மார்ட்டின் குரலில் 'ஸ்வே' என்று பெயர் பெற்ற பாட்டை அது நினைவூட்டுவதாக இசை ரசிகர்கள் சொல்வதுண்டு. அதே 1964-ல் வந்த 'சர்வர் சுந்தர'த்தில் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டும் பாட்டு ஒன்று இருக்கிறது. எம்.எஸ். விஸ்வநாதன் கையசைக்கிறார், பாங்கோ பேசுகிறது, நாகேஷ் ஆடுகிறார். பாங்கோவும் மராக்காஸும் கியூபா இசையோடு வந்த கருவிகள் என்று தெரியாமலே தமிழ்நாடு அவற்றுக்குத் தலையாட்டியது. நாகேஷின் இடுப்பும் முட்டியும் அசையும் விதத்தைச் சால்சா பழகியவர் இன்று பார்த்தால், முறைப்படி கற்காத ஒருவருக்கு இது எப்படி வந்தது என்று வியப்பார்.

மூன்றாவது வழி வகுப்புகள். மும்பையில் கேட்டி நாம்கியால், பெங்களூரில் லூர்து விஜய், சென்னையில் 'ஹாட் ஷூ டான்ஸ் கம்பெனி' நடத்தும் ஜெஃப்ரி வார்டன் போன்றவர்கள் இந்த ஆட்டத்தைப் பாடமாக்கினார்கள். பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் நிறுவனங்கள் பெருகியபோது, வேலை முடிந்து மாலையில் ஆட வருபவர்களும் பெருகினார்கள். வேளச்சேரிக்கும் தாம்பரத்துக்கும் இடையில் குடியேறியவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். கல்லூரி மாணவர்களுக்கோ நுழைவாயில் கலைவிழா. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியின் 'டீப் உட்ஸ்', ஐஐடியின் 'சாரங்' போன்ற மேடைகளில் குழு நடனம் ஆடியவர்கள் அடுத்து ஜோடி நடனம் தேடுகிறார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. மேடைக்குப் பழகியவருக்குப் பார்வையாளர்தான் முக்கியம். சால்சாவிலோ எதிரே நிற்கும் ஜோடிதான் முக்கியம்.

பரதநாட்டியம் கற்றவருக்குக் கால் வலுவும் தாள அறிவும் ஏற்கெனவே இருக்கும். ஆனால் பாதத்தை முழுதாகத் தட்டும் பழக்கத்தை அவர் விட வேண்டும். சால்சாவில் முன்பாதம் தரையை அழுத்துமே தவிர அறையாது. குத்தாட்டத்தில் வளர்ந்தவருக்குத் தோளும் இடுப்பும் தாராளமாக வரும். எல்லா அடிக்கும் ஒரே கனம் கொடுப்பதுதான் அவருடைய குறை. இரு தரப்பாரும் செய்யும் பொதுப்பிழை இடுப்பை வேண்டுமென்றே ஆட்டுவது. மடிந்திருக்கும் முட்டி நிமிரும்போது உடல் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் போகிறது. இடுப்பு அதனால் தானாக அசைகிறது. தனியாக ஆட்டப்படும் இடுப்பைக் கண்ணாடி உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

எண்ணிக்கை எட்டு. 1, 2, 3, 5, 6, 7 ஆகியவற்றில் கால் விழும். 4-லும் 8-லும் விழாது. முன்னும் பின்னும் திசை மாற்றும் அடியை ஒன்றில் வைப்பது லாஸ் ஏஞ்சல்ஸ் பாணி. இந்திய வகுப்புகளில் பரவலானது அதுவே. இரண்டில் வைப்பது நியூயார்க் பாணி. எடி டோரஸ் அதற்கு ஆசான். கியூபாவின் 'கசினோ' வட்டமாகச் சுழலும். கொலம்பியாவின் காலி நகரத்து ஆட்டத்தில் கால்வேகம் கண்ணுக்கு எட்டாது.

இவற்றுக்கெல்லாம் அடியில் கிடப்பது கிளாவே. இரண்டு கட்டைகளைத் தட்டி எழுப்பும் ஐந்து ஒலிகளின் வரிசை அது. எட்டு எண்ணும்போது 1-ல் ஒன்று, 2-க்கும் 3-க்கும் நடுவில் ஒன்று, 4-ல் ஒன்று, பிறகு 6-லும் 7-லும் ஒவ்வொன்று. முதல் பாதியில் மூன்று, மறு பாதியில் இரண்டு. பாட்டைப் பொறுத்து இந்தப் பாதிகள் இடம் மாறும். ஆதி தாளத்துக்கும் எட்டே எண்ணிக்கை என்பதால் தமிழ் மாணவருக்கு இது எளிது என்று நினைத்துவிடக் கூடாது. சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், உட்கார்ந்து பழகிய காதுக்குச் சால்சாவின் பேஸ் கிட்டார் ஏமாற்றம் தரும். அது பெரும்பாலும் ஒன்றை வாசிக்காமல் விட்டுவிட்டு, முந்திய நான்கிலேயே வந்து நிற்கும். அதீத எடுப்பு தெரிந்தவர், அதாவது தாளம் தொடங்குமுன்பே பாட்டு தொடங்குவதைக் கேட்டுப் பழகியவர், இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். மற்றவர்கள் பியானோவையோ மாட்டுமணி வடிவத் தாளக்கருவியையோ பற்றிக்கொண்டு ஒன்றைத் தேட வேண்டும்.

ரசனை வளரும் வரிசையும் ஏறத்தாழ எல்லாருக்கும் ஒன்றுதான். தொடக்கத்தில் பிடிப்பது மார்க் ஆந்தனியின் 'விவிர் மி விதா' (2013). அல்ஜீரியப் பாடகர் காலிதின் பாட்டைத் தழுவியது. மெட்டு இனிமை, தாளம் தெளிவு, ஆடவும் சுலபம். அதிலேயே நின்றுவிடுபவர்கள்தான் அதிகம். அடுத்து வருபவர் சீலியா குரூஸ். ஹவானாவில் பிறந்து 1960-ல் நாட்டைவிட்டு வெளியேறியவர். 1974-ல் பச்செக்கோவோடு அவர் பாடிய 'கிம்பாரா'வின் வேகத்தில் கால் தப்பாமல் ஆடுவது எளிதல்ல. பிறகு வில்லி கொலோனும் ரூபன் பிளேட்ஸும் 1978-ல் வெளியிட்ட 'சியெம்ப்ரா'. அதில் தெருவோரத்து ரவுடி ஒருவனின் கதை சொல்லும் 'பெத்ரோ நவாஹா' இருக்கிறது. எக்டர் லவோவின் குரலும், போர்ட்டோ ரிக்கோவின் எல் கிரான் கோம்போவும், கியூபாவின் லாஸ் வான் வானும் அதற்குப் பின்.

இந்தப் பழைய பாடல்கள் ஆடுபவருக்குக் கற்றுத்தருவது அமைப்பை. முதலில் பாடகர் கதையைச் சொல்வார். பிறகு பாடகர் ஒரு வரி விட, பின்பாட்டுக்காரர்கள் திரும்பத் திரும்ப ஒரே வரியில் பதில் சொல்வார்கள்; பித்தளைக் குழல்கள் வெடித்துக் கிளம்பும். முதல் பகுதியில் அடக்கமாக ஆடி, பின்பாட்டு தொடங்கியதும் ஜோடியின் கையை விட்டுத் தனி அடவுகள் போடுவது தேர்ந்தவர் வழக்கம். பாட்டு தொடங்கியதும் கையில் இருக்கும் எல்லாச் சுழற்சியையும் செலவழித்துவிடுபவருக்கு நடுவழியில் கையிருப்பு தீர்ந்துவிடும். இப்போதைய சால்சா இரவுகளில் டொமினிகன் குடியரசின் பச்சாட்டாவும் அங்கோலாவின் கிசோம்பாவும் நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்வதால், புதியவர்கள் இந்தப் பாடல்களைக் கேட்கும் வாய்ப்பு குறைந்திருக்கிறது. அது நல்லதல்ல.

உன் வீட்டுக்குப் பக்கத்தில் வகுப்பு எது என்று விசாரிக்கும்போது கட்டணத்தையும் நேரத்தையும் மட்டும் கேட்காதே. ஓடிக்கொண்டிருக்கும் பாட்டில் கிளாவே எங்கே விழுகிறது என்று கைதட்டிக் காட்டச் சொல். காட்டத் தெரிந்தவரிடம் சேர்ந்துகொள்.

அன்புடன்,
அண்ணன்