ஒளிராத சாயம்

அன்புள்ள கயல்,

ஒளியை விழுங்கிவிட்டு ஒளிராமல் கிடக்கும் சாயத்தால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தாய். ஒளியை ஒலியாக்கிப் படமெடுக்கும் மருத்துவ முறையில் அப்படிப்பட்ட சாயத்தைத்தான் தேடுகிறார்கள்.

1880இல் கிரகாம் பெல் வெயிலை விட்டு விட்டுப் பொருள்களின் மேல் பாய்ச்சிப் பார்த்தார், அவை ஒலித்தன. விழுந்த ஒளி சூடாகி, சூடு விரிவாகி, விரிவு ஒலியானது. இன்று வெயிலின் இடத்தில் சில நானோநொடியே நீடிக்கும் லேசர். காதின் இடத்தில் அல்ட்ராசவுண்ட் கருவி. திசுவில் ஒரு டிகிரியின் ஆயிரத்தில் ஒரு பங்கு சூடு ஏறினாலே சுமார் 800 பாஸ்கல் அழுத்தம் எழும். நோயாளிக்குச் சுடவே சுடாது. ஒளியைப் போல் ஒலி உடலுக்குள் சிதறுவதில்லை. ஆகவே சில சென்டிமீட்டர் ஆழத்திலும் படம் கலங்காது.

சாயத்தை எப்படி வடிவமைப்பது? முதலில் நிறம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் பெரும்பகுதியை இரத்தமே குடித்துவிடும். 650 முதல் 900 நானோமீட்டர் வரை ஓரளவு வழி கிடைக்கும். அங்கே உறிஞ்ச வேண்டுமானால், எலக்ட்ரானைக் கொடுக்கும் தொகுதியை ஒரு முனையிலும் இழுக்கும் தொகுதியை மறுமுனையிலும் வைத்து ஆற்றல் இடைவெளியைக் குறுக்குவார்கள். இடைவெளி குறுகினால் ஒளிர்வதைவிடச் சூடாக இறங்குவதே எளிது. இது நமக்குக் கொசுறு.

அடுத்தது அசைவு. கிளர்வுற்ற மூலக்கூறு அதிர்ந்தும் முறுக்கிக்கொண்டும்தான் ஆற்றலைச் சூடாகக் கொட்டுகிறது. ஆகவே ஒற்றைப் பிணைப்பில் சுழலும் பென்சீன் வளையங்களை ஒட்டுவார்கள். ஆனால் உடலுக்குள் செலுத்துவதற்காகச் சாயத்தை நானோதுகளுக்குள் அடைத்ததும், நெரிசல் பஸ்ஸில் நிற்பவனைப் போல வளையத்துக்குத் திரும்ப இடமிருக்காது. சாயம் மறுபடி ஒளிரத் தொடங்கிவிடும். அதற்காகக் கிளைத்த நீளமான ஆல்கைல் சங்கிலிகளைச் சேர்ப்பார்கள். ஒளியைத் தொடாத வெறும் மெழுகு வால்கள். இடம் பிடித்து வைப்பது மட்டுமே வேலை. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த தந்திரம் இதுதான்.

1959 முதல் மருத்துவமனைகளில் புழங்கும் இண்டோசயனின் கிரீன் என்ற சாயத்தின் அமைப்பை வரைந்து பார். அது 800 நானோமீட்டர் அருகே உறிஞ்சும். நடுவில் இரட்டைப் பிணைப்பும் ஒற்றைப் பிணைப்பும் மாறி மாறி வரும் ஏழு கார்பன் சங்கிலி இருக்கும். ஒளி படப்பட ஆக்சிஜன் வந்து வெட்டுவது அதைத்தான். அந்தச் சங்கிலியின் நடுவே ஒரு வளையம் போட்டுக் கட்டினால் உறுதி கூடும், முறுக்கம் குறையும். நீயாக இருந்தால் கட்டுவாயா? வரைந்து அனுப்பு.

அன்புடன்,
மாமா