ஒத்தி வீடும் வட்டியும்

மதுரை நகரின் தெருக்களில் நடந்து செல்வோர், வீடு வாடகைக்கோ ஒத்திக்கோ விடப்படும் என்று எழுதிய அட்டைகளைப் பல வாசல்களில் காணலாம். நெல்பேட்டை, மகபூப்பாளையம், கோரிப்பாளையம் என நம்மவர்கள் நெருங்கி வாழும் இடங்களும் இதற்கு விலக்கல்ல. வாடகை, ஒத்தி ஆகிய இரண்டும் வீடு விடும் இரு முறைகளே என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். மார்க்கத்தின் பார்வையிலோ முன்னது ஆகுமான சம்பாத்தியம். பின்னது வட்டியின் வாசல். எனவே இதன் சட்டத்தைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

வாடகை

ஒரு பொருளின் பயனைக் குறிப்பிட்ட காலத்துக்கு, குறிப்பிட்ட தொகைக்கு விற்பதே ‘இஜாரா’ எனப்படும். மூஸா (அலை) அவர்கள் மத்யனில் எட்டு ஆண்டு ஊழியத்துக்கு உடன்பட்ட வரலாற்றைத் திருமறை 28:27 கூறுகிறது. கூலிக்கு அமர்த்துவதும் வாடகைக்கு விடுவதும் கூடும் என்பதற்குச் சட்டவல்லுநர்கள் இதையும் ஆதாரமாகக் காட்டுவர். வீடு இன்னது, வாடகை இவ்வளவு, காலம் இவ்வளவு என்ற மூன்றும் இரு தரப்பாருக்கும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒத்தி

ஒத்தியில் நடப்பது என்ன? வீட்டுக்காரர் ஐந்து லட்சம் ரூபாய் பெறுகிறார். கொடுத்தவர் மூன்று ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருக்கிறார். தவணை முடிந்ததும் ஐந்து லட்சமும் குறையாமல் அவரிடம் திரும்புகிறது. திருப்பித் தர வேண்டிய பணம் ‘கர்ழ்’, அதாவது கடன். அதற்கு ஈடாகப் பிடித்த வீடு ‘ரஹ்ன்’, அதாவது அடைமானம். அவ்வீட்டுக்கு ஊர் வாடகை மாதம் ஐயாயிரம் என்றால், 36 மாதத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபாய் பெறுமான பயனைக் கடன் கொடுத்தவர் கடனுக்காகவே அடைந்துவிட்டார். இது வட்டியன்றி வேறென்ன?

மேலூர், சோழவந்தான் பக்கத்து வயல்களை ஒத்திக்குப் பிடித்து, முதல் குறையாமல் நெல்லை அறுத்துக்கொள்வதற்கும் இதே சட்டந்தான்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், அனுபவத்தோடு கூடிய அடைமானத்தை விளக்கும்போது, வரும் வாடகையையும் விளைச்சலையும் வட்டிக்குப் பதிலாகவோ, அசலைக் கழிப்பதற்காகவோ எடுத்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறது. நாம் ஒத்தி என்று மென்மையாகப் பெயரிட்டு அழைப்பதை நாட்டுச் சட்டமே ‘வட்டிக்குப் பதில்’ என்று கூறுமானால், நாம் யாரை ஏமாற்றுகிறோம்?

சில ஐயங்கள்

“இருவரும் மனம் ஒப்பித்தானே செய்கிறோம்?” என்பர். வட்டிக்கு வாங்குபவனும் மனமொப்பித்தான் வாங்குகிறான். திருப்தியால் ஹராம் ஹலாலாகிவிடாது.

“அடைமானப் பொருளை உரிமையாளர் அனுமதித்தால் அனுபவிக்கலாம் என்று கிதாபுகளில் உண்டே?” என்று கேட்போரும் உளர். ஹனபி நூல்களில் அப்படி ஒரு கூற்று உண்மைதான். ஆனால், நிபந்தனையாலோ வழக்கத்தாலோ அந்தப் பயனை எதிர்பார்த்தே கடன் கொடுக்கப்பட்டால் அது கூடாது என்று இப்னு ஆபிதீன் (ரஹ்) போன்றோர் விளக்கியுள்ளனர். குடியிருக்கக் கிடைக்காது என்றால் ஒத்திப் பணம் கொடுப்பவர் யார்?

அடைமானப் பிராணிக்குத் தீனி போடுபவர் அதன்மீது சவாரி செய்யலாம் என்ற கருத்தில் புகாரியில் ஹதீஸ் உண்டு. அது தீனிச் செலவுக்கு ஈடானது. வீட்டுக்குத் தீனி போடுவதில்லை.

வட்டி பரவியிருந்த ஊரில் வசித்தவரிடம் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் (ரலி) அவர்கள், கடன்பட்டவர் ஒரு சுமை வைக்கோலை அன்பளிப்பாகத் தந்தாலும் வாங்காதீர் என்று எச்சரித்த செய்தியும் புகாரியில் உண்டு. வைக்கோலுக்கே இப்படியென்றால், மூன்று வருடக் குடியிருப்பு எம்மாத்திரம்!

பெருந்தொகையை முன்பணமாக வாங்கிக்கொண்டு, அதற்காகவே வாடகையைப் பெயரளவுக்குக் குறைப்பதும் இதே வகையைச் சேர்ந்தது.

வழி என்ன?

ஒத்தி வாங்குவோரில் பலர் பேராசைக்காரர்கள் அல்லர். கணவரை இழந்த தாய்க்கு ஒரே சொத்தாக ஒரு காம்பவுண்டு வீடு இருக்கும். மகளுக்கு நிக்காஹ் முடிக்கவோ மருத்துவச் செலவுக்கோ மொத்தப் பணம் தேவைப்படும். தவணை முடியும்போது கையில் காசில்லை; அடுத்தவரிடம் ஒத்தி வாங்கி முன்னவருக்குக் கொடுப்பார். இப்படியே வீடு பெயரளவில் அவருடையதாக இருக்கும், வருமானம் ஒரு காசும் வராது.

இவர்களுக்கு ஷரீஅத் வழியை அடைக்கவில்லை. மூன்று ஆண்டு வாடகை முழுவதையும் முன்கூட்டியே மொத்தமாகப் பெறலாம். மேலே சொன்ன கணக்கில் அது ஒரு லட்சத்து எண்பதாயிரம். அது வாடகையாகவே கழியும், திருப்பித் தர வேண்டியதில்லை. இடையில் குடும்பம் காலி செய்ய நேர்ந்தால், மீதி மாதங்களின் பணத்தைத் திருப்பிவிட வேண்டும். முன்பே ஒத்தியில் சிக்கியவர்கள், இருவரும் பேசி நியாயமான ஊர் வாடகையை முடிவு செய்து, மாதந்தோறும் அசலில் கழித்து வரட்டும். ஜமாஅத்தில் வசதியுள்ளவர்கள் அழகிய கடன் கொடுத்து உதவுவது பெரும் நன்மை.

வீட்டுக்காரர் கவனத்துக்கு

அட்வான்ஸ் பணம் குடியிருப்பவருடையது. வீடு அவர் கையில் அமானிதம். அவரது வரம்பு மீறலாலோ கவனக்குறைவாலோ ஏற்பட்ட சேதத்துக்கே அவர் பொறுப்பு. இயல்பான தேய்மானத்துக்கும், முன்பு பேசாத வெள்ளையடிப்புக்கும் ஒரு மாத வாடகையைப் பிடிப்பது அநீதி. ஒழுகும் கூரையைச் செப்பனிடுவது உரிமையாளர் பொறுப்பு. மின்சார வாரியம் கேட்பதைவிடக் கூடுதலாக யூனிட்டுக்கு வாங்கிக்கொண்டு, வாரியத்தின் கட்டணம் என்று சொல்வது மோசடி. வீட்டை விலையாக்கி ஜகாத் கொடுக்க வேண்டியதில்லை. சேர்ந்த வாடகை நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் கடமையாகும்.

1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் உள்ளது. அது எழுத்து மூலமான ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்குகிறது. வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவதையும், குடியிருப்பவரை விரட்டத் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதையும் அது தடுக்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு திருமறை 2:282 நமக்கு முன்பே கற்றுத் தந்துள்ளது.

குடியிருப்பவர் கவனத்துக்கு

வசதியிருந்தும் வாடகையைத் தள்ளிப்போடுவது அநியாயம். தவணை முடிந்தபின் உரிமையாளர் விருப்பமின்றி வீட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது அபகரிப்பு. உண்மையிலேயே முடியாதவருக்கு அவகாசம் கொடுப்பது 2:280 காட்டும் பண்பு.

தொழுகைக்கு விரிக்கும் பாயும், பிள்ளைகள் உண்ணும் சோறும் எந்தக் கூரையின் கீழ் என்று ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக! வல்ல அல்லாஹ் வட்டியின் வாடைகூடப் படாத வீடுகளில் நம்மை வாழச் செய்வானாக! ஆமீன்.