சம்பளத்தை எப்போது பேசுவது?



பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கத் தோட்டங்களில் சாதாரண தரமோ உயர்தரமோ படித்து முடித்த பிள்ளைகள் பலர் இப்போது கடை, கார்மெண்ட், ஹோட்டல், அலுவலகம் என்று வெளி வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போகிறார்கள். சான்றிதழ், அடையாள அட்டை, நல்ல உடுப்பு எல்லாம் ஆயத்தம் பண்ணுகிறார்கள். சம்பளத்தை எப்படிக் கேட்பது என்று மட்டும் யோசிப்பதில்லை. சிலர் போய் உட்கார்ந்தவுடனே கேட்டு விடுகிறார்கள். பலர் கடைசி வரை கேட்காமலே வேலைக்குச் சேர்ந்து, முதல் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்துத்தான் தெரிந்து கொள்கிறார்கள். இரண்டும் சரியில்லை.

நமக்கு ஏன் வாய் வருவதில்லை?

தோட்டத்தில் தனி ஆள் சம்பளம் பேசிய வழக்கம் கிடையாது. அந்தக் காலத்தில் கங்காணி முற்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்தார். கடனைத் தீர்த்தால் ஆளை விடுகிறோம் என்று எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்தது 1984இல்தான். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போன பிறகு, தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் பேசிக் கூட்டு ஒப்பந்தம் செய்து வந்தன. செக்ரோலில் பேர் இருந்தால் எல்லாருக்கும் ஒரே நாட்சம்பளம். நமக்காகச் சங்கம் பேசியது. நாம் பேசிப் பழகவில்லை.

ஆனால் அந்த ஒப்பந்தத்திலேயே நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 2018இல் 1,000 ரூபாய் கேட்டுத் தொழிலாளர் போராடினார்கள். 2019 சனவரியில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய் என்று கையெழுத்தானது. 1,000 ரூபாய் கிடைத்தது 2021 மார்ச்சில், அதுவும் சம்பளச் சபை மூலமாக. கையெழுத்து விழுந்து விட்டால் மறுபடி பேச எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை நாமே பார்த்தோம். வெளி வேலையிலும் அப்படித்தான். பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முந்திப் பேசிவிட வேணும்.

எந்த நேரம் பேசலாம்?

1. போவதற்கு முந்தி: அதே வேலையில் இருக்கிறவர்களிடம் விசாரியுங்கள். போடிங் வாடகை, சாப்பாடு, பஸ் காசு எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். வீட்டுக்கு எவ்வளவு அனுப்ப வேணும் என்பதையும் எழுதுங்கள். இதற்குக் குறைந்தால் போவதில் பிரயோசனம் இல்லை என்ற தொகை உங்களுக்குத் தெரிந்திருக்க வேணும்.

2. பேச்சின் ஆரம்பத்தில்: சம்பளத்தை நீங்களாக எடுக்க வேண்டாம். முதலில் வேலை என்ன, எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். உங்களால் என்ன முடியும் என்று சொல்லுங்கள். நீங்கள் வேணும் என்று அவர்களுக்குத் தோன்றிய பிறகுதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு.

3. அவர்களே "எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" என்று கேட்டால்: "எவ்வளவு குடுத்தாலும் பரவாயில்லை" என்று சொல்ல வேண்டாம். "சேர், இந்த வேலைக்கு இங்க எவ்வளவு குடுக்கிறீங்கன்னு சொன்னா நல்லம்" என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்கலாம். மறுபடி கேட்டால், விசாரித்து வைத்த தொகையைச் சொல்லுங்கள்.

4. "எப்போது வேலைக்கு வரலாம்?" என்று அவர்கள் கேட்கும் போது: இதுதான் சரியான நேரம். "வாறேன் சேர். அதுக்கு முந்தி சம்பள விபரத்தைக் கொஞ்சம் சொல்லுங்க" என்று கேளுங்கள். இது பேராசை இல்லை. இரண்டு மூன்று தரம் நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டு, ஒவ்வொரு தரமும் பஸ் காசு போவதாக இருந்தால், இரண்டாவது தரம் போகும் முன்னரே தொலைபேசியில் சம்பளம் ஏறக்குறைய எவ்வளவு என்று கேட்பதில் தப்பில்லை.

சிங்களத்தில் பேச வேண்டிய இடமானால் "படிய கீயத?" என்ற கேள்வியை வீட்டிலேயே சொல்லிப் பழகுங்கள்.

என்னென்ன கேட்க வேணும்?

"மாதம் 40,000 வரும்" என்று சொன்னால் உடனே சந்தோஷப்பட வேண்டாம். அதில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் எவ்வளவு, வரவுக் கொடுப்பனவு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். ஓவர்டைம் இல்லாத மாதம் என்ன வரும் என்று கேளுங்கள். பயிற்சிக் காலம் எத்தனை மாதம், அப்போது சம்பளம் எவ்வளவு, சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் வெட்டுவார்களா என்பதையும் கேளுங்கள்.

தேசியக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 2016இல் வந்தது. 2025இல் செய்த திருத்தத்தின்படி அந்தத் தொகை 2025 ஏப்ரல் முதல் மாதம் 27,000 ரூபாய், 2026 சனவரி முதல் 30,000 ரூபாய்.

30,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது ஈ.பி.எப்.க்கு, உங்கள் பங்கு நூற்றுக்கு 8, அதாவது 2,400 ரூபாய் வெட்டுவார்கள். கையில் வருவது 27,600. முதலாளி தன் பங்காக நூற்றுக்கு 12, அதாவது 3,600 ரூபாய் போட வேணும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு, அதாவது ஈ.டி.எப்.க்கு, நூற்றுக்கு 3, அதாவது 900 ரூபாயும் அவரே கட்ட வேணும். இந்த 12ஐயும் 3ஐயும் உங்கள் சம்பளத்தில் வெட்டுவது சட்டப்படி தப்பு. "ஈ.பி.எப். இல்லை, அந்தக் காசையும் கையிலேயே தாறோம்" என்று யாரும் சொன்னால் ஏமாற வேண்டாம். அது உங்கள் வயதான காலத்துக் காசு.

வாய்ப் பேச்சு போதாது

கடை, அலுவலக ஊழியர் சட்டம் 1954இல் வந்தது. அதன்படி வேலைக்கு எடுக்கும் போது சம்பளமும் நிபந்தனைகளும் எழுதிய நியமனக் கடிதம் கொடுக்க வேணும். வாசித்துப் பாருங்கள். விளங்காத மொழியில் இருந்தால் தெரிந்த ஒருவரிடம் காட்டி விட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். தரகர் மூலம் போகிறவர்கள் தரகர் சொன்ன தொகையை நம்பிப் பஸ் ஏறாமல், வேலை கொடுப்பவரிடமே கேளுங்கள். சொன்ன சம்பளம் தராவிட்டால் தொழில் திணைக்களத்தின் அலுவலகத்தில் முறைப்பாடு செய்யலாம். அப்போது கையில் கடிதம் இருப்பது பெரிய பலம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "கிடைச்ச வேலைய விட்டுறாத, ஒண்ணும் கேக்காத" என்று பிள்ளையைப் பயப்படுத்தி அனுப்ப வேண்டாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. மரியாதையாகக் கேட்ட ஒரு கேள்விக்காக நல்ல முதலாளி வேலையை மறுக்க மாட்டார். மறுத்தால், அந்த இடம் எப்படிப்பட்டது என்று மாதம் முடியும் முன்னமே தெரிந்து விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி

ஒருவர் முதலாளியாகவும் ஒருவர் வேலைக்கு வந்தவராகவும் இருந்து பேசிப் பாருங்கள். பிறகு இவற்றுக்குப் பதில் எழுதுங்கள்.

1. 35,000 ரூபாய்ச் சம்பளத்தில் ஈ.பி.எப். வெட்டிய பின் கையில் வருவது எவ்வளவு? (விடை: 32,200 ரூபாய்)
2. உங்கள் பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு மாதச் செலவு எவ்வளவு?
3. நியமனக் கடிதத்தில் எந்த விபரங்களை முதலில் பார்ப்பீர்கள்?